ஐம்பது வயது தாண்டியும் ஒருவருக்கும் சொல்லாமல் இருப்பது ஏன்?

நீங்கள் எழுதியதன் சாரம் இது: அம்மாவின் தம்பி, 54 வயது, வட இலங்கையின் வன்னியில் விசுவமடுப் பக்கம் தனியே இருக்கிறார், கலியாணம் செய்யவில்லை. இருபது வருடமாக ஒரு சிநேகிதர் வந்து போகிறார். மாமா தன்பாலீர்ப்பாளர் என்று உங்களுக்கு வலுவாகப் படுகிறது. "இந்தக் காலத்திலும் ஏன் ஒருத்தருக்கும் வாய் திறக்கிறாரில்லை? நாங்களாகக் கேட்டால் அவருக்குப் பாரம் குறையாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏன் சொல்வதில்லை என்பதற்கு உளவியலில் இருந்தும், வன்னியில் உளவளத்துணை (மனநல ஆலோசனை) வேலை நடக்கும் விதத்தில் இருந்தும் ஓரளவு உறுதியாகவே பதில் சொல்லலாம். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, கேட்கலாமா என்பது. அதற்கு என் பதில், வேண்டாம். காரணங்களைச் சொன்னபிறகு அதற்கு வருகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்து மாமா யார் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. வன்னியில் அந்த வயது ஆண் கலியாணம் செய்யாமல் இருக்க எத்தனையோ வழி இருக்கிறது. மூன்று சகோதரிகளுக்குச் சீதனம் சேர்த்து முடிய நாற்பத்தைந்து ஆகிவிடும். பேசி வைத்த பெண் 2009 இறுதி யுத்தத்தில் இல்லாமல் போயிருக்கலாம். காயம், தடுப்பு, புனர்வாழ்வு என்று கலியாண வயது முழுக்கப் போனவர்களும் இருக்கிறார்கள். சிலருக்குக் கலியாணத்தில் நாட்டமே இல்லை. அதனால் கீழே எழுதுவது மாமாவைப் பற்றியதல்ல, சொல்லாமலே வாழ்ந்து முடிக்கிறவர்களைப் பற்றியது. பொருந்தினால் பொருத்திப் பாருங்கள்.

தன் ஈர்ப்பை மற்றவர்களிடம் சொல்வதை இப்போது எல்லோரும் 'வெளிவருதல்' என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு படிக்கட்டு இருக்கிறது. 1979இல் விவியன் காஸ் என்ற ஆஸ்திரேலிய உளவியலாளர் தன்பாலீர்ப்பு அடையாளம் உருவாவதை ஆறு கட்டமாக வகுத்தார். குழப்பத்தில் தொடங்கி, ஏற்றுக்கொண்டு, வெளியில் சொல்லி, கடைசியில் அது வாழ்க்கையோடு இணைந்துவிடும். பயனுள்ள வரைபடம்தான். ஆனால் அதை வைத்துப் பார்க்கப் பழகினால், சொல்லாதவர் எல்லாம் பாதிப் படியில் நின்றுவிட்டவர் போலத் தெரிவார். பெரும்பாலான பழைய ஆய்வுகள் சம்பளமும் தனி அறையும் இருந்த நகரத்து மனிதர்களை வைத்துச் செய்யப்பட்டவை. அங்கே ஒருவர் வீட்டோடு முறித்துக்கொண்டால் அடுத்த தெருவில் வாடகைக்கு அறை எடுப்பார். விசுவமடுவில் முறித்துக்கொண்டால் எங்கே போவது?

வன்னியில் ஒருவருக்கு மட்டும் சொல்வது கிட்டத்தட்ட நடக்காத காரியம். இதைத்தான் வெளியில் இருப்பவர்கள் விளங்கிக்கொள்வதில்லை. யுத்தத்திற்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டத்து வீட்டை எடுங்கள். ஐந்து இலட்சத்து ஐம்பதாயிரம் ரூபாய் கொடுப்பனவில், 550 சதுர அடியில் கட்டியது. இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி. கூரை ஓட்டுக்கும் உட்சுவருக்கும் நடுவில் இடைவெளி விட்டுக் கட்டிய வீடுகளில் ஒரு அறையில் மெதுவாகப் பேசினாலும் மற்ற அறையில் கேட்கும். பலர் கதவுக்குப் பதிலாகச் சீலைதான் தொங்கவிட்டிருக்கிறார்கள். போன் சார்ஜில் கிடக்கும் இடம் விறாந்தை. திருத்தக் கொடுத்தால் கடைக்காரப் பெடியன் ஊர்ப்பெடியன். ஓட்டோவில் போனால் சாரதி ஒன்றுவிட்ட அண்ணன். 'தூரத்தில் இருப்பவரிடம் சொன்னால் பாதுகாப்பு' என்று நினைத்துக் கனடாவில் இருக்கும் அக்காவிடம் சொல்கிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். அக்கா அழுதுகொண்டு லண்டன் தங்கச்சிக்கு எடுப்பார். தங்கச்சி வாட்ஸ்அப்பில் அம்மாவுக்குக் குரற்பதிவு அனுப்புவார். அம்மாவுக்கு எழுத்து வாசிக்கக் கண் தெரியாது என்பதால் பேரப்பிள்ளை அதைச் சத்தமாகப் போடும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனாலும் ஒரு பொழுதுக்குள் காரியம் முடிந்துவிடும்.

அடுத்தது காணியும் காசும். யாழ்ப்பாணத்தைப் போல இங்கே எல்லோரிடமும் உறுதிக்காணி, அதாவது சொந்தப் பத்திரம் உள்ள காணி, இல்லை. வன்னிக் குடியேற்றத்திட்டங்களில் பெருமளவு காணி அரசாங்க அனுமதிப்பத்திரத்தில் இருக்கிறது, அதாவது எல்லோரும் சொல்லும் 'பெர்மிட்'. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, பெர்மிட்காரர் தனக்குப் பின்னுரித்தாளியாக வாழ்க்கைத்துணையை அல்லது சட்டத்தின் அட்டவணையில் சொல்லப்பட்ட உறவினரில் ஒருவரைத்தான் குறிக்கலாம். பிள்ளை, பேரப்பிள்ளை, பெற்றோர், சகோதரம், மருமக்கள் என்று போகும் அந்தப் பட்டியலில் இருபது வருடச் சிநேகிதருக்கு இடமில்லை. ஆகவே மாமாவைப் போன்ற ஒருவர் இருக்கும் நிலம் அப்பாவின் பெயரில் இருந்தால், அது அவருக்கு வருவது குடும்பத்தின் நல்லெண்ணத்தில் தங்கியிருக்கிறது. அவரிடமிருந்து போவதும் குடும்பத்துக்குத்தான். வெளிநாட்டுக் காசு வரும் வீடென்றால் அதற்கும் இதே கணக்குத்தான். கோபித்துக்கொள்ளக்கூடிய ஒரு அண்ணனின் கையில் சோறு இருக்கும்போது உண்மை பேசும் செலவு மிக அதிகம். வெளியில் இருந்து பார்ப்பவர்கள் இதைக் கோழைத்தனம் என்கிறார்கள். எனக்கு இது கூட்டிக் கழித்துப் பார்த்த கணக்கு.

வன்னிக்கே உரிய இன்னொரு காரணம், தகவல் என்றால் என்ன என்று சனம் கற்றுக்கொண்ட விதம். முப்பது வருடம் ஒருவரைப் பற்றிய தகவல் ஆபத்தான பொருளாக இருந்தது. யார் வீட்டில் எத்தனை பிள்ளை, யார் எந்தப் பக்கம், யார் எங்கே போனார் என்ற கதைக்கு உயிர்கள் போயிருக்கின்றன. இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் பதிவு, மீள்குடியேறியதும் பதிவு, குடும்பப் படம், விதானையிடம் (கிராம சேவகரிடம்) படிவம். புனர்வாழ்வு பெற்று வந்தவர் என்றால் வீட்டு வாசலுக்கே வந்து விசாரிப்பார்கள். ஏற்கெனவே ஒரு பிடி கொடுத்துவிட்டு இருப்பவர் இரண்டாவது பிடியைத் தானாகக் கொடுக்கமாட்டார். இந்தத் தலைமுறையின் மௌனம் முழுவதையும் பாலியல் அடையாளத்தின் கணக்கில் எழுதுவது பிழை. அவர்கள் பேசாமல் வைத்திருக்கும் பலவற்றில் இதுவும் ஒன்று.

சட்டத்தைப் பற்றி இங்கே ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி பார்த்துவிட்டு "அதுதான் மாத்தியாச்சே" என்கிறார்கள். 2018 செப்டம்பரில் தன்பால் உறவு குற்றமல்ல என்று தீர்ப்பு வந்தது இந்தியாவில். இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு 'இயற்கை ஒழுங்குக்கு மாறான' உடலுறவுக்குப் பத்து வருடம் வரை சிறை என்கிறது. 'மிக அநாகரிகமான செயலுக்கு' 365அ பிரிவு இரண்டு வருடம் வரை என்கிறது. முன்பு ஆண்களை மட்டும் குறித்த இந்த 365அ, 1995இல் திருத்தியபோது பெண்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது. பெண்கள் மீதான இந்தக் குற்றமயமாக்கல் சர்வதேச உடன்படிக்கைக்கு முரண் என்று பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு 2022இல் சொன்னது. 2016இல் உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில், வயதுவந்தவர்களின் சம்மத உறவை அரசு குற்றமாக்கக்கூடாது என்பதே இன்றைய சிந்தனை என்று குறிப்பிட்டு, சிறைத்தண்டனையை ஒத்திவைத்தது. ஆனால் குற்றத்தீர்ப்பை நீக்கவில்லை. 2023 மே மாதம், இந்தப் பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று அதே நீதிமன்றம் தீர்மானித்தது. அந்தச் சட்டமூலமும் சட்டமாகவில்லை. இதில் கவனிக்கவேண்டியது, சட்டம் செயலைப் பற்றிப் பேசுகிறது, ஆளைப் பற்றி அல்ல. 'நான் தன்பாலீர்ப்பாளர்' என்று சொல்வது எந்தப் பிரிவிலும் குற்றமில்லை. ஆனால் சட்டப்புத்தகம் வாசித்து யாரும் பயப்படுவதில்லை. பொலிஸ் என்ற சொல் போதும்.

சொல் என்றதும், சொல் இல்லாததையும் சொல்லவேண்டும். மாமாவின் தலைமுறை வளர்ந்த காலத்தில் இதற்குக் காதில் விழுந்த தமிழ்ச்சொற்கள் எல்லாம் பகிடியும் வசவும்தான். தன்பாலீர்ப்பு, பால்புதுமையினர், திருநங்கை, திருநம்பி என்ற சொற்கள் பிற்பாடு வந்தவை, அதிலும் பல தமிழ்நாட்டு வழியாக வந்தவை. தன்னைக் குறிக்க வசவுச் சொல் மட்டுமே கைவசம் உள்ள ஒருவர், தான் அது இல்லை என்றே நினைத்துக்கொள்வார். அதில் பொய் இல்லை. 'எனக்கு அவனோட நல்ல ஒட்டு' என்பதற்கு மேல் அவர் மனதுக்குள்கூடப் போயிருக்கமாட்டார். இப்படிப்பட்டவரை 'மறைக்கிறார்' என்று சொல்வது சரியா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

கலியாணம் செய்து பிள்ளையும் பெற்றவர்கள் சொல்லாமல் இருப்பதுதான் எண்ணிக்கையில் அதிகம் என்பது என் கணிப்பு. வன்னியில் அதற்கு ஒரு கூடுதல் காரணம் உண்டு. 2007, 2008 காலத்தில் புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்பில் இருந்து காப்பாற்றப் பதினேழு, பதினெட்டு வயதில் அவசரமாகக் கட்டிவைத்தார்கள். தன்னைப் பற்றி ஒன்றும் தெரியவர முன்பே தாலி. அவர்களுக்கு இப்போது முப்பத்தைந்து சொச்சம். பெண்களின் நிலை இன்னும் இறுக்கம். கலியாணம் செய்யாத ஆணுக்கு ஊர் ஒரு நல்ல கதையைத் தானே கட்டிக்கொடுக்கும், 'சகோதரங்களைக் கரைசேர்த்த மனுசன்' என்று. பெண்ணுக்கு அந்தச் சலுகை இல்லை. யாழ்ப்பாணத் தமிழருக்கான வழக்குச் சட்டமாகிய தேசவழமை பொருந்தும் கலியாணமான பெண்ணென்றால், தன் பெயரில் உள்ள அசையாச் சொத்தை விற்கவே கணவனின் சம்மதம் வேண்டும். ஆனால் ஒரு முரண் பாருங்கள். கணவனை இழந்த இரண்டு பெண்கள் ஒரு வளவில் சேர்ந்து இருந்தால் வன்னியில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. யுத்தம் அத்தனை வீடுகளை அப்படி ஆக்கிவிட்டது. அந்த மறைவில் நிம்மதியாக வாழ்கிறவர்கள் வாய் திறந்தால் இழப்பது அந்த நிம்மதியைத்தான்.

வயது ஏற ஏற இன்னொரு பூட்டு விழும். இருபதில் சொன்னால் ஒரே கேள்விதான். ஐம்பதில் சொன்னால் முதலாவது கேள்வி "அப்படியா?", இரண்டாவது "ஏன் அப்ப சொல்லேல்லை?" அந்த இரண்டாவதுக்குப் பதில் சொல்ல முப்பது வருடத்தைத் திருப்பி எழுதவேண்டும். பெண் பார்க்கப் போன ஒவ்வொரு வீடு, செவ்வாய் தோஷம் என்று சொல்லித் தட்டிக்கழித்த ஒவ்வொரு குறிப்பு, அக்கா அழுத ஒவ்வொரு தரம். மறைத்த விஷயத்தைவிட மறைத்த காலம் பெரிதாகிவிடுகிறது.

திருநர்களை, அதாவது திருநங்கை, திருநம்பிகளைப் பற்றிச் சுருக்கமாக. அவர்களில் பலருக்கு மறைக்கும் வசதியே இல்லை என்பதால் உங்கள் கேள்வி அவர்களுக்கு வேறு விதமாகப் பொருந்தும். 2016 முதல் உளநல வைத்திய நிபுணரின் மதிப்பீட்டோடு பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்று, பிறப்புச் சான்றிதழில் பெயரையும் பாலையும் மாற்றலாம். தாளில் நல்ல ஏற்பாடு. ஆனால் அதன்பிறகு புதிய அடையாள அட்டைக்கு விண்ணப்பம் கிராம சேவகர், பிரதேச செயலகம் வழியாகத்தான் போகும். விதானையார் பெரும்பாலும் உங்கள் பெரியப்பாவோடு படித்தவர். சான்றிதழ் கையில் கிடைத்தும் அடையாள அட்டை மாற்றாமல் இருப்பவர்களுக்குக் காரணம் இதுதான்.

மௌனம் ஆளைத் தின்னாதா என்று நீங்கள் கேட்பது நியாயம். தின்னும், ஆனால் எப்போதும் ஒரே அளவில் அல்ல. தன்பாலீர்ப்பு நோயல்ல என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. 1990இல் உலக சுகாதார நிறுவனம் அதைத் தன் நோய்ப்பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது. மறைத்து வாழ்வது மன அழுத்தத்தைத் தரும் என்பதும் ஆய்வுகளில் உறுதியாக வந்திருக்கிறது. ஆனால் சொன்னால் சுகமாகிவிடும் என்பது அவ்வளவு உறுதியில்லை. 2015இல் வெளியான கலிபோர்னியா ஆய்வொன்றில், அண்மையில் வெளியில் சொன்ன ஆண்களுக்கு, சொல்லாத ஆண்களைவிட மனச்சோர்வு கூடுதலாக இருந்தது. பெண்களில் மறுவளம், சொன்னவர்களுக்குக் குறைவு. ஐரோப்பாவின் 28 நாடுகளை ஒப்பிட்ட இன்னொரு ஆய்வில், வெறுப்பு அதிகமுள்ள நாடுகளில் மறைப்பது வாழ்க்கைத் திருப்தியைக் குறைத்தாலும் தாக்குதலில் இருந்தும் ஒதுக்கலில் இருந்தும் காத்தது தெரிந்தது. அந்தத் தரவை உலகத்துக்கு நீட்டிக் கணக்கிட்டவர்கள், நூற்றுக்கு 83 பேர் எல்லோரிடமும் அல்லது பெரும்பாலானோரிடம் மறைக்கிறார்கள் என்று 2019இல் மதிப்பிட்டார்கள். ஐரோப்பியத் தரவில் இருந்து வந்த மதிப்பீடு என்பதால் அந்த எண்ணை அப்படியே வன்னிக்குக் கொண்டுவரமாட்டேன். ஆனால் சொல்லாமல் இருப்பது விதிவிலக்கல்ல என்பது அதில் தெளிவு.

மௌனம் எப்போது ஆபத்தாகிறது என்பதற்கு அடையாளம் இருக்கிறது. குடி சடுதியாகக் கூடுவது, நித்திரை போவது, சாவைப் பற்றிப் பகிடியாகப் பேசத் தொடங்குவது, கணக்கில்லாமல் கடன் வாங்குவது. கடைசியைப் பலர் கவனிப்பதில்லை. போலிப் பெயரில் பழகி, வீடியோ அழைப்பைப் பதிவுசெய்து, "உன்ர அக்காவுக்கு அனுப்பட்டோ" என்று மிரட்டுவது இப்போது வழமையான தொழில். முதலில் ஐயாயிரம் கேட்பார்கள். கொடுத்தால் அடுத்த கிழமை பதினைந்து. கொடுக்கும் ஆள் என்று தெரிந்தபிறகு நிறுத்தமாட்டார்கள். ஆகவே முதல் தொகையே கொடுக்கக்கூடாது. செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எண்ணையும் திகதியையும் குறித்துவைத்த பிறகுதான் தடுக்கவேண்டும். பயத்தில் முதலில் எல்லாவற்றையும் அழித்துவிடுவதால்தான் பிறகு ஒன்றும் செய்யமுடியாமல் போகிறது. மிரட்டிக் காசு பறிப்பது தனிக்குற்றம். முறைப்பாட்டுக்குப் போகமுன் ஒரு சட்டத்தரணியிடம் பேசி, எதைச் சொல்வது எதைச் சொல்லத் தேவையில்லை என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

மனப்பாரம் என்றால் 1926 என்ற தேசிய உளநல இலக்கம் இருக்கிறது, தமிழிலும் பேசலாம், பெயர் சொல்லத் தேவையில்லை. மாவட்ட வைத்தியசாலை உளநலக் கிளினிக் நல்லது, ஆனால் கிளினிக் நாளில் வாங்கில் யார் யார் குந்தியிருந்தார்கள் என்று சந்தைக்குத் தெரியும், கிளினிக் கொப்பி வீட்டு அலுமாரியில் கிடக்கும். அதனால் கிளிநொச்சிக்காரர் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போவதில் தப்பில்லை. பிரதேச செயலக உளவளத்துணையாளரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்தான். ஆனாலும் அவர் உங்கள் சொந்தக்காரரா என்று முதலில் பாருங்கள். பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு வேறு வைத்தியரின் கடிதம் தேவையில்லை, காசும் இல்லை. செபம், மாந்திரீகம், 'மாற்றிவிடும்' சிகிச்சை என்று யாராவது அழைத்தால் விலகச் சொல்லுங்கள். மாற்றும் சிகிச்சை என்று ஒன்று இல்லை, அதனால் வரும் பாதிப்புத்தான் இருக்கிறது.

இனி, கேட்கலாமா. மேலே சொன்ன காணி, காசு, சுவர், விதானை, பொலிஸ், எதையும் உங்கள் கேள்வி மாற்றாது. அவர் இதுவரை தன் கையில் வைத்திருந்ததில் ஒரு பங்கு உங்கள் கைக்கு வரும், அவ்வளவுதான். அவர் 'இல்லை' என்றால் இனி உங்களைக் கண்டால் ஒதுங்குவார். பாரம் குறைக்க வேண்டுமானால் கேட்காமலே செய்யக்கூடியவை இருக்கின்றன. அவர் முன்னிலையில் கலியாணப் பகிடி வந்தால் கதையை மாற்றுங்கள். தொலைக்காட்சியில் திருநங்கையைக் கேலிசெய்யும் காட்சி வரும்போது, அவர் காதில் விழ, "இதில என்ன சிரிக்கக் கிடக்கு" என்று ஒரு வசனம் போதும். பிரசங்கம் வேண்டாம். அவருடைய போனைத் தொடாதீர்கள், "படம் பார்க்கத் தாங்கோ மாமா" என்றுகூட. என்றாவது அவரே தொடங்கினால், "எனக்கு எப்பவோ தெரியும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவ்வளவு வருடம் காத்த கதவு திறந்தே கிடந்தது என்று கேட்பது ஆறுதல் இல்லை. "வேறை ஆருக்குத் தெரியும், ஆருக்குத் தெரியக்கூடாது?" என்று கேளுங்கள், சொன்னதைக் கடைப்பிடியுங்கள். உங்கள் மனைவிக்கோ கணவருக்கோகூடச் சொல்லவேண்டாம்.

காணி பெர்மிட்டா உறுதியா, பின்னுரித்து யார் பெயரில் என்று குடும்பக் கதையாகவே விசாரித்து வைக்கலாம். உறுதிக்காணி என்றால் மரணசாசனம் எழுத வழி இருக்கிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடலாம், யாருக்கு எழுதுவது என்று நீங்கள் கேட்கத் தேவையில்லை. மாமாவுக்கு ஒரு நாள் சுகமில்லாமல் வரும். ஆண்கள் வார்ட்டில் இரவு துணைக்குப் பெரும்பாலும் ஆண்களைத்தான் விடுவார்கள். அந்த நேரம் சொந்தக்காரப் பெடியன்களுக்கு முறை போட முன்னம், சிநேகிதருக்கு ஒரு கோல் எடுத்து, "அண்ணை, இண்டைக்கு இரவு நீங்கள் நிக்கிறியளோ?" என்று கேளுங்கள். பாயும் போர்வையும் சுடுதண்ணிப் போத்தலும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நீங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.